இணைச்சீர் அன்று நான் சிரித்த சிரிப்பு

அண்ணனுடைய கல்யாண ஆல்பத்தின் நடுப்பக்கத்தில் ஒரு படம் இருக்கிறது. அண்ணன் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மணவறையில் நிற்கிறார். கையில் கூறைப்புடவையின் ஒரு தலைப்பு. எதிரே யாரோ நீட்டிப் பிடித்திருக்கும் செல்போனில் நான் வாய் கொள்ளாமல் சிரிக்கிறேன். அதைப் பார்த்து அண்ணனும் சிரிக்கிறார், கண் கலங்கியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அம்மா முதலில் விரித்துக் காட்டுவது இந்தப் பக்கத்தைத்தான். "பாருங்க, அண்ணங் கல்யாணத்துல எம்புள்ளைக்கு எத்தன சந்தோசம்னு."

நான் சிரித்தது அண்ணனைப் பார்த்து இல்லை. டி.வி.யைப் பார்த்து.

இதை இரண்டு வருஷமாக வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறேன். சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லத் துப்பில்லாதவள் ஊருக்கெல்லாம் எழுதிக் காட்டுகிறாள் என்று நீங்கள் நினைத்தால் அது சரிதான்.

நான் படம் வரைகிறவள். போர்ச்சுகலின் வடக்கே ஒரு துறைமுக ஊரில் எட்டு வருஷமாக இருக்கிறேன். படிக்கப் போனேன், படிப்பு முடிந்தது, திரும்பவில்லை. எங்கள் அன்னூர்ப் பக்கம் இதைச் சொன்னால், "அக்கட்ட போயி என்னத்தங்க வரையறீங்க?" என்று கேட்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் கேட்பதில் தப்பும் இல்லை. அவ்வளவு தூரம் போய் நான் வரைந்ததில் பாதி எங்கள் தோட்டத்துச் செம்மண்ணும் சோளத்தட்டுப் போரும்தான்.

ஓவியர் வாழ்க்கை என்றதும் ஜன்னலோரம் காபிக் கோப்பையோடு கடலைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று நினைக்கிறார்கள். மண்ணாங்கட்டி. காலையில் ஏழு மணிக்கு எழுந்து, முந்தின நாள் சோற்றில் தயிரை ஊற்றித் தின்றுவிட்டுக் கிளம்புவேன். பழைய மீன் டின் கம்பெனி ஒன்றின் கூடத்தை நாங்கள் நான்கு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கிறோம். மூடி முப்பது வருஷமான கம்பெனி, மழை பெய்தால் இன்னமும் மத்தி மீன் வாசனை அடிக்கும். அங்கே உட்கார்ந்து துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, வெள்ளை பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்ப்பேன். வரைவது கொஞ்ச நேரம், மற்றதெல்லாம் சுண்ணாம்பு அடிக்கிறவர் வேலைதான். வாரத்தில் இரண்டு நாள் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் படம் சொல்லிக் கொடுக்கிறேன். குளிர்காலத்தில் ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் போய்விடும். பிரஷ்களைக் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்து, சோறு பொங்கி, டின் மீனில் மிளகாய்த்தூளைப் போட்டு வறுத்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவேன்.

அந்த டி.வி. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப் போனது. மொழி பிடிபடட்டும் என்றுதான் முதலில் போட்டேன். செய்தி போட்டால் ஒன்றும் விளங்காது, மடமடவென்று பேசுவார்கள். காமெடித் தொடர்களில்தான் நிறுத்தி நிதானமாகச் சண்டை போடுவார்கள். உள்ளூர் சேனல் ஒன்றில் பழைய தொடர்களை மதியமும் சாயங்காலமும் திரும்பத் திரும்பப் போடுவான். எனக்குப் பிடித்தது ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்றில் நடக்கும் கதை. அங்கே வாசலில் காவலுக்கு இருக்கும் ஒரு பருத்த அம்மாள், ஆறு மாடிச் சங்கதியும் அவளுக்கு அத்துப்படி. எந்த நேரமும் பழுதாகும் லிஃப்ட் ஒன்று. ஒவ்வொரு பாகத்திலும் யாராவது ஒரு பொய் சொல்வார்கள். அந்தப் பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று, அதற்கு மேல் இன்னொன்று. இருபத்தைந்தாவது நிமிஷத்தில் குட்டு உடைந்து, எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள், ஒரு நகைச்சுவை முழுசாக எனக்குப் புரிந்தது. சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். அந்த ஊரில் நான் குடியேறியது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு விட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா கூப்பிட்டால் சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு, கண்ணை டி.வி.யில் வைத்தபடி "ம்... ம்" என்பேன். "கேக்குதா கண்ணு?" என்பாள் அம்மா. "கேக்குதும்மா." மாடு சினையானதும், கிணற்றில் தண்ணீர் ஏறியதும், பெண் பார்க்கப் போன இடத்தில் என்ன சொன்னார்கள் என்பதும் இப்படித்தான் எனக்கு அரையும் குறையுமாக வந்து சேர்ந்தன.

பெண் பார்த்தது அண்ணனுக்கு. அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவர். அப்பா இறந்தபோது அவர் பன்னிரண்டாவது முடித்திருந்தார். கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டதைக் கிழித்துவிட்டுத் தோட்டத்தில் இறங்கினார். என்னை மட்டும் படிக்க வைத்தார். சென்னைக்குப் போய் ஓவியம் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது பங்காளிகள் அத்தனை பேரும் சிரித்தார்கள். "அது என்னத்தையோ படிக்கட்டுமுங்க, என்ற தங்கச்சி" என்று அண்ணன் வாயை அடைத்தார். அப்படிப்பட்டவருக்குப் பெண் கிடைக்கவில்லை. எங்கள் பக்கம் இப்போது இதுதான் நிலவரம். பத்து ஏக்கர் இருக்கட்டும், மோட்டார் கிணறு இருக்கட்டும், "மாப்ள தோட்டந்தொரவு பாக்கறாருங்களா?" என்று கேட்டுவிட்டுக் காபியைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆறு வருஷம் அலைந்தார்கள். இரண்டு மூன்று இடங்களில் தோட்டம்கூடத் தடையாக இல்லை, நான்தான் தடை. "பொறந்தவ தனியா வெளிநாட்டுல இருக்குதாமா, கண்ணாலமும் பண்ணலியாமா." அம்மா இதை என்னிடம் சொல்லவில்லை. சித்தி ஒருத்தி வாய் தவறிச் சொன்னாள்.

ஆகவே அண்ணனுக்குத் தை மாதத்தில் கல்யாணம் என்று நிச்சயமானபோது, வேறு எந்தத் தங்கையாக இருந்தாலும் அன்றைக்கே டிக்கெட் போட்டிருப்பாள். எனக்கோ அந்த வாரம்தான் கண்காட்சி. ஆறு வருஷத்தில் தனியாக நான் மட்டும் வைக்கும் முதல் கண்காட்சி. அண்ணனிடம் சொன்னேன்.

"முகூர்த்தத்தத் தள்ளி வெக்கச் சொல்லிக் கேக்கட்டுமா அம்மிணி?"

"ஐயோ, வேண்டாங்ண்ணா. ஆறு வருசத்துக்குப் பொறவு அமைஞ்சிருக்குது."

"நீ இல்லாம எப்புடி? இணச்சீருக்கு ஆரு நிப்பா?"

இணைச்சீர் என்பது எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவளுக்கு உரியது. அவள் கல்யாணப் பெண்ணைப் போலவே பட்டுடுத்தி, நகை போட்டு, மணவறையில் வந்து நிற்பாள். கூறைப்புடவையின் ஒரு தலைப்பை மாப்பிள்ளை பிடிப்பார், மறு தலைப்பை அவள் பிடிப்பாள். புதிதாக ஒருத்தி வந்தாலும் பிறந்தவளுக்கு இந்த வீட்டில் இருக்கும் இடம் போகாது என்று சபை அறியச் சொல்வது அது. கூடப் பிறந்தவள் இல்லாதவர்கள் பெரியப்பா மகளையோ சித்தப்பா மகளையோ நிறுத்துவார்கள். எங்களுக்குப் பெரியப்பா மகள் இருக்கிறாள், பக்கத்துத் தோட்டம்தான். "அக்காளை நிக்கச் சொல்லுங்ண்ணா" என்றேன்.

இதுவரைக்கும் என் மேல் பெரிய தப்பில்லை. இனிமேல்தான்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது கண்காட்சிக் கூடத்துக்காரர் கூப்பிட்டார். கூரை ஒழுகுகிறது, சரி செய்யாமல் திறக்க முடியாது, ஆறு வாரம் தள்ளிப் போடுகிறோம் என்றார். போனை வைத்தேன். ஊருக்குப் போகலாம். தடையே இல்லை. கம்ப்யூட்டரைத் திறந்து டிக்கெட்டும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தபோது மண்டபம் கண்ணுக்குள் வந்தது. பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்து, இலையில் விழுந்த சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்பறம் உனக்கு எப்ப அம்மிணி?" என்று கேட்கப்போகும் ஐந்நூறு பேரும் வந்தார்கள். மணவறையில் கல்யாணப் பெண் மாதிரி அலங்காரம் செய்துகொண்டு, கல்யாணம் ஆகாமல் நான் நிற்பதைப் பார்த்து உச்சுக் கொட்டப்போகிறவர்களும் வந்தார்கள். கம்ப்யூட்டரை மூடினேன். கண்காட்சி தள்ளிப்போனதை யாரிடமும் சொல்லவில்லை. நான் போகாமலிருப்பதே அண்ணனுக்கு மரியாதை, என்னால் அவருக்கு இன்னொரு பேச்சு வரக்கூடாது என்று எனக்கு நானே நன்றாகப் பூசி மெழுகிக்கொண்டேன். சுத்தப் பொய். எனக்குப் பயம், அவ்வளவுதான்.

மனசு உறுத்தியதில் ஒரு வேலை செய்தேன். என் முகத்தையே நான் வரைந்து வைத்திருந்த படம் ஒன்று இருந்தது. அதைச் சுருட்டிக் குழாயில் போட்டுக் கல்யாணப் பரிசு என்று அனுப்பி வைத்தேன். கண்ணாடியைப் பார்த்து வரைகிறவர்கள் யாரும் சிரிப்பதில்லை, அந்தப் படத்திலும் முகம் உம்மென்றுதான் இருக்கும். அண்ணன் அதைக் கோயமுத்தூருக்கு எடுத்துப் போய், டவுன்ஹால் பக்கம் சாமிப் படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் கொடுத்திருக்கிறார். கடைக்காரருக்கு ஒற்றை ஆள் முகம் என்றாலே ஒரு வழக்கம். தங்க நிறத்தில் அகலச் சட்டம் போட்டு, மேலே சின்னதாக ஒரு சிவப்பு பல்பும் பொருத்திக் கொடுத்துவிட்டார். அண்ணன் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. வெளிச்சத்துக்கு நல்லது என்று எண்ணிக்கொண்டார்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஏழரைக்கு இணைச்சீர். "போன்ல கூப்புடறேன், நீ பாக்கோணும்" என்று அண்ணன் சொல்லியிருந்தார். எங்களுக்கு அது மதியம் இரண்டு மணி. கண்காட்சிக் கூடத்தில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? அதனால் வீட்டுச் சுவரில் மூன்று படங்களை மாட்டி, அதற்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மேலே பட்டுச்சேலை, காதில் கழுத்தில் நகை, காலில் கம்பளிக் காலுறை. வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும் என்று போனை டி.வி. வைத்திருக்கும் மேசையிலேயே, டி.வி.க்கு முன்னால், நான்கு புத்தகங்களை அடுக்கி அதன் மேல் சாய்த்து வைத்தேன். எல்லாம் கனகச்சிதம். திருட்டு வேலைக்கு என் புத்தி எப்படித்தான் வேலை செய்ததோ.

இரண்டு மணிக்கு அழைப்பு வரவில்லை. இரண்டேகாலுக்கும் வரவில்லை. நம் கல்யாணத்தில் எது சொன்ன நேரத்துக்கு நடந்தது என்று டி.வி.யைப் போட்டேன். ஆறு மாடி வீட்டுக் கதை. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத பாகம் அது. மூன்றாவது மாடியில் கல்யாணம். காவல்கார அம்மாள் கல்யாணக் கேக்கைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறுவாள், லிஃப்ட் நடுவில் நின்றுவிடும். முதலில் ஓரத்தில் இருக்கும் ஒரு சர்க்கரைப் பூவை மட்டும் எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள்.

இரண்டே முக்காலுக்குப் போன் அடித்தது. பட்டென்று டி.வி. சத்தத்தை நிறுத்தினேன். சத்தத்தைத்தான் நிறுத்தினேன், படத்தை நிறுத்தவில்லை.

போனில் மண்டபம் தெரிந்தது. நாதஸ்வரம், புகை, யார் யாரோ எட்டிப் பார்த்துக் கையாட்டினார்கள். "சாமி, தெரியுதா? அண்ணனப் பாரு, அண்ணனப் பாரு" என்று அம்மா குரல். அண்ணன் வந்து நின்றார். ஒல்லியாகிவிட்டிருந்தார், வெயிலில் கறுத்த கழுத்துக்கு மேல் முகத்துக்கு மட்டும் ஏதோ பூசிவிட்டிருந்தார்கள். புடவைத் தலைப்பைக் கையில் கொடுத்தார்கள். சீர் செய்து வைக்கும் பெரியவர், எங்கள் பக்கம் அருமைக்காரர் என்போம், ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தவள் ஒரு நொடி கண்ணைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டேன். போனுக்கு ஒரு சாண் மேலே டி.வி. அதில் லிஃப்ட் கதவு திறக்கிறது. கேக் இல்லை. காவல்கார அம்மாள் மூக்கு நுனியில் கிரீமோடு, கேக்கின் உச்சியில் வைத்திருந்த பொம்மைப் பெண்ணை மட்டும் உள்ளங்கையில் ஏந்தி, கல்யாண வீட்டாரிடம் பயபக்தியாக நீட்டுகிறாள்.

அடக்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

கண்ணைக் கீழே இறக்கினால், அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணில் தண்ணீர். கேமராக்காரர் பளிச்சென்று ஒன்று அடித்தார். "அட, தங்கச்சிக்கு இருக்கற சந்தோசத்தப் பாருங்க" என்று யாரோ பெரிய குரலில் சொன்னார்கள். மண்டபமே சிரித்தது. என் முகத்தில் இருந்த சிரிப்பை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, அப்படியே வைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்துக் கல்யாண வீடியோ வந்தது. அப்போதுதான் மறுபக்கம் தெரிந்தது. அண்ணனுக்குப் பக்கத்தில், தங்கை நிற்க வேண்டிய இடத்தில், ஒரு நாற்காலி. நாற்காலியில் என் படம். புடவையின் மறு தலைப்பை அந்தச் சட்டத்தின் மேல் போட்டிருந்தார்கள். அதற்கும் முன்னால் நடந்த கூத்தை அண்ணனே போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மணவறை அலங்காரம் செய்ய வந்த பையன்கள், பல்பு போட்ட சட்டத்தைப் பார்த்ததும் கேட்காமல் கொள்ளாமல் சந்தன மாலையைப் போட்டு, முன்னால் ஒரு விளக்கையும் ஏற்றி வைத்துவிட்டார்கள். பெண் வீட்டுப் பக்கத்து அம்மாள் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சின்ன வயசாட்ட இருக்குதே, எப்புடிப் போச்சுங்க?" என்று அம்மாவிடமே விசாரித்திருக்கிறார். அம்மா ஓடிப்போய் மாலையை அறுத்தெறிந்தாளாம். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அந்த நாற்காலி வரும் இடத்தைத் திரும்பவும் ஓட்டிப் பார்த்தேன்.

போன தை மாதம் ஊருக்குப் போனேன், கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக. அண்ணியை அப்போதுதான் நேரில் பார்த்தேன். கலகலவென்று பேசுகிறவர், என்னை நிமிஷத்தில் சேர்த்துக்கொண்டார். வீட்டில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காலையில் பால் கேன்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு அண்ணன் மேற்கே போவதைப் பார்த்தேன். மெயின் ரோடு கிழக்கே. பெரியப்பா வீட்டு வாசலைத் தாண்டினால் ஐந்து நிமிஷம்.

"ஏம்மா சுத்திக்கிட்டுப் போறாங்க?"

அம்மா தட்டுக்கூடையைக் கீழே வைத்தாள். "அந்த வழி இல்லியே சாமி. உனக்குத் தெரியாதா? உம்பெரியப்பா கேட்டப் பூட்டிப்போட்டாரு. கண்ணாலத்தன்னிக்கிருந்து பேச்சுவார்த்த இல்ல."

கேட்கக் கேட்கத்தான் முழுசாக வந்தது. அன்று இணைச்சீருக்கு முக்கால் மணி நேரம் தாமதமானதற்குக் காரணம் அதுதான். பெரியப்பா மகள் பட்டுடுத்தி, பூ வைத்து, நகையெல்லாம் போட்டு நிற்பதற்குத் தயாராக வந்திருக்கிறாள். கடைசி நேரத்தில் அண்ணன், "வேண்டாங்க. என்ற தங்கச்சி பொழப்புக்குப் போயிருக்குது, செத்துப் போயிரல. அது போன்ல நிக்கும்" என்று சபையில் சொல்லியிருக்கிறார். படத்துக்கு யாராவது சீர் செய்வார்களா என்று அருமைக்காரர் கேட்டிருக்கிறார், பங்காளிகள் கேட்டிருக்கிறார்கள். அண்ணன் மசியவில்லை. பெரியப்பா மகள் அத்தனை பேருக்கு முன்னால் மணவறையிலிருந்து இறங்கிப் போனாள். பெரியப்பா வீட்டில் ஒருவரும் பந்தியில் கை நனைக்கவில்லை.

அதே சாயங்காலம் பெரியப்பா மகள் வீட்டுக்குப் போனேன். போகும்போது எல்லாவற்றையும் சொல்லிவிடும் தெம்பு இருந்தது. அவள் என்னை உட்கார வைத்து, காபி போட்டுக் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உம்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல கண்ணு. உனக்கு அங்க சோலி, நீ என்ன பண்ணுவ? உங்கண்ணன்தான் ஊரு முன்னால என்ன எறங்குன்னு சொல்லிப்போட்டாரு. எனக்கு அதுதான் ஆறல."

சோலி ஒன்றும் இல்லையக்கா, காலில் காலுறை மாட்டிக்கொண்டு வீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னால் என்ன? வாய் வரைக்கும் வந்தது. அவள் பலகாரம் எடுக்க உள்ளே போனாள். திரும்பி வந்தபோது நான் செருப்பை மாட்டியிருந்தேன். என் மேல் எனக்கு வந்த எரிச்சலை, வழியில் குறுக்கே வந்த நாயின் மேல் காட்டினேன்.

அப்புறம் பத்து நாள். ஒவ்வொரு நாள் காலையிலும் அந்த வண்டி மேற்கே போகும். அண்ணன் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சாயங்காலம் வந்து, "என்ன அம்மிணி, இன்னிக்கு என்ன வரஞ்ச?" என்று கேட்டுவிட்டு, நான் நோட்டில் கிறுக்கியதை விளக்குக்கடியில் வைத்துப் பார்ப்பார். அவருக்கு என்னால் நடந்தது அவருக்கே தெரியாது என்பதுதான் என்னைத் தின்றது. தெரிந்து திட்டினால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

திரும்பும் நாள் அண்ணன்தான் விமான நிலையத்துக்குக் கூட்டிப் போனார். கோவில்பாளையம் தாண்டியதும் சொல்லிவிட்டேன். கண்காட்சி ஆறு வாரம் தள்ளிப்போனது, கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே எனக்குத் தெரியும், வந்திருக்கலாம், வரவில்லை.

அண்ணன் ரோட்டையே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப, அன்னிக்கு எங்க இருந்த?"

"ஊட்லதாங்ண்ணா."

"ஒடம்பு கிடம்பு செரியில்லியா?"

"நல்லாத்தான் இருந்தேன்."

சரவணம்பட்டி சிக்னலில் வண்டி நின்றது. பச்சை விழுந்தும் அண்ணன் எடுக்கவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்த பிறகுதான் எடுத்தார்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவளையே நிக்க வெச்சிருப்பேனே அம்மிணி. நீ சோலியில மாட்டிக்கிட்டன்னு நெனச்சுத்தான அத்தன பேர்கிட்டயும் மல்லுக்கு நின்னேன்."

"மன்னிச்சிருங்ண்ணா. நாலு பேரு கேப்பாங்கன்னு பயந்துபோட்டேன்."

"கேட்டா நான் இல்லியா?"

படிக்கப் போகிறேன் என்றபோதும் நாலு பேர் சிரித்தார்கள், அவர்தான் இருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அவர் கண்டும் காணாத மாதிரி இருந்தார்.

விமான நிலையத்து வாசலில் வண்டியை ஓரம் கட்டினார். இறங்கவில்லை. இரண்டு கையும் ஸ்டீரிங்கிலேயே இருந்தன.

"செரி உடு, ஆனது ஆகிப்போச்சு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு." என் பக்கம் திரும்பினார். "அன்னிக்குப் போன்ல என்னயப் பாத்துச் சிரிச்சியே. அது நெசந்தான?"

அண்ணன் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று இப்போது நினைக்கிறேன். அதுவும் பொய்யாக இருக்கலாம்.

"நெசந்தாங்ண்ணா" என்றேன்.

"அது போதும்" என்றார். "நாளைக்கே பெரியப்பா ஊட்டுக்குப் போறேன். நாந்தான் தப்புப் பண்ணீட்டேன்னு அவ கால்ல உழுந்தாவது பேசிச் செரி பண்ணிப்போடறேன். நீ இதையே நெனச்சுக்கிட்டுக் கெடக்காம போயி வேலையப் பாரு."

இறங்கிப் போய், பின்கதவைத் திறந்து, என் பெட்டியை அவரே தூக்கித் தள்ளுவண்டியில் வைத்தார்.